மடிப்புக்குள் போன கோடு

புன்னைக்காயலில் கிளாடிஸைத் தெரியாதவர்கள் கிடையாது. சைக்கிள்தான் காரணம். தோணியைச் செலுத்தும் தண்டலாக இருந்த அவளுடைய அப்பா, கொழும்புக்குப் போய்த் திரும்பிய ஒரு பயணத்தில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை உப்புச் சாக்குகளுக்கு விரிக்கும் படுதாவில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பெண்பிள்ளை ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயில் தெருவில் மணியடித்துப் போவதை ஊர் வாய்பார்த்தது. பங்குச் சாமியார்கூட ஒருதடவை கூப்பிட்டு, மெதுவாகப் போகச் சொன்னார். அவள் போகவில்லை.

எல்லாவற்றிலும் அப்படித்தான். கணக்கில் பட்டம் வாங்கியவள். அவள் போட்ட கணக்கில் தப்பு இருப்பதாக யாராவது சொன்னால் முதலில் சிரிப்பாள், அப்புறம் சண்டைக்கு வருவாள், கடைசியில் பெரும்பாலும் ஜெயிப்பாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் தகையவில்லை. தூத்துக்குடியில் அக்கா வீட்டில் தங்கி, புதுத் துறைமுகத்தில் வேலை எடுத்திருந்த ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் படம் வரையும் பிரிவுக்கு அதே சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர்களாக வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுபத்தேழில் ஊர் திரும்பும்போது ஒரு மெஷினை விட்டுவிட்டுப் போனார்கள். டைப்ரைட்டர் மாதிரி மேஜைமேல் உட்காரும் கணக்குப் பொறி. அதிலிருந்து ஒரு வயர், படம் வரையும் பலகை அளவுள்ள ஒரு பலகைக்குப் போகும். பலகையில் ஏதாவது ஒரு கிராஃபை ஒட்டி, கையில் பிடிக்கிற கண்ணாடி வளையத்தைக் கோட்டின்மேல் நகர்த்திப் பொத்தானை அழுத்தினால், அந்தப் புள்ளி பலகையில் எங்கே இருக்கிறது என்று இரண்டு எண்கள் வரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த எண்ணை மீட்டராகவோ டன்னாகவோ மாற்றுவதற்குப் புரோகிராம் வேண்டும். அதை எழுதியவர்கள் தங்களோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளாடிஸ் எழுதினாள். கூட வந்த புத்தகத்தைப் படித்து, அழித்து அழித்து எழுதி, கடைசியில் சூயிங்கம் பட்டை அளவுள்ள ஒரு காந்த அட்டையில் ஏற்றினாள். அட்டையை மெஷினில் செருகினால், அது மூன்று புள்ளிகள் கேட்கும்: கிராஃபின் மூலை, படுக்கைக் கோட்டின் கடைசி, நெட்டுக் கோட்டின் உச்சி. அந்த மூன்று இடங்களிலும் என்ன எண் என்று சொல்லிவிட்டால் போதும். நடுவில் உள்ளதையெல்லாம் மெஷினே சமமாகப் பங்குபோட்டுக்கொண்டு, அவள் தொடுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணை அச்சடித்துத் தரும். கடல் ஏற்றவற்றத்தைக் கீறிய சுருள் தாள்கள், காற்று வேகக் கோடுகள், மண் பரிசோதனைக் கோடுகள் என்று ஆபீஸில் கிடந்த படங்களெல்லாம் எண்களாயின. படம் நகலெடுக்கும் நான்கு டிரேசர்கள் ஒருநாள் முழுக்க லென்ஸும் கையுமாக உட்கார்ந்து எடுப்பதை அவள் காலை டீக்கு முன்னால் எடுத்துவைத்துவிடுவாள். அந்தக் கர்வம் அவளுக்கு இருந்தது. இருக்காதா?

அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் கம்பெனியின் பார்ஜ் ஒன்று கப்பல்கள் வந்து அணையும் மேடையை ஒட்டி மூழ்கியது. சின்னப் பார்ஜ்தான், மேல்தளம் மூடிய இரும்புப் பெட்டி மாதிரி. மேல்காற்று ஓங்கி அடித்த நாளில் மேடையில் மோதி, பக்கம் கிழிந்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அது கிடந்த இடத்துக்கு வரவேண்டிய கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அது காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கம்பெனி அபராதம் கட்டவேண்டும்.

பம்பாயிலிருந்து வாடகைக்கு வந்திருந்த கிரேன் ஒன்று வேறு வேலைக்காக அங்கேயே நின்றது. அதை வைத்துத் தூக்கிவிடலாம் என்று முடிவானது. ஆனால் கிரேன் எவ்வளவு தூரத்துக்குக் கையை நீட்டினால் எவ்வளவு பாரம் தூக்கும் என்கிற புத்தகம் கிரேன் சொந்தக்காரரிடம் பம்பாயிலேயே இருந்தது. தந்தியடித்ததும் அவர்கள் புத்தகத்தை விரித்துவைத்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து விமானத் தபாலில் அனுப்பினார்கள். தூத்துக்குடி ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாக்கியதில் ஒரு படம் கிடைத்தது. கட்டம் போட்ட தாளில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஏழெட்டுக் கோடுகள்.

திட்டத்தின் பொறுப்பாளர் சக்ரபாணி அதைத் தானே கொண்டுவந்தார். தென்திருப்பேரைக்காரர், குரலை உயர்த்தாதவர், அவசரம் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"கிளாடிஸ், கீழேயிருந்து மூணாவது கோடு நம்மளோடது. அரை மீட்டருக்கு ஒரு நம்பர் வேணும். சங்கிலி கட்டித் தூக்கற ரிக்கர்கள் கையில கொடுக்கற மாதிரி டேபிள். எப்ப கிடைக்கும்?"

"மத்தியானத்துக்குள்ள தாரேன் சார்."

மத்தியானத்துக்கு முன்பே கொடுத்தாள். அவர் தாளை மேலிருந்து கீழாக ஒருதடவை பார்த்தார்.

"செக் பண்ணியாச்சா?"

"ரெண்டு முனையும் படத்தோட வச்சுப் பாத்துட்டேன் சார். டாண்ணு நிக்கி."

அவர் கையெழுத்துப் போட்டார். பார்ஜ் மேடையின் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளிக் கிடந்தது. கிரேனை விளிம்பு வரைக்கும் கொண்டுபோக முடியாது, மேடை தாங்காது. ஆக, பதினாறு மீட்டருக்குக் கை நீட்டவேண்டும். பதினாறு மீட்டருக்கு இருபத்திரண்டு டன் என்றது டேபிள். பார்ஜ் இருபத்தொன்றைத் தாண்டாது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தூக்கலாம்.

மறுநாள் காலையில் எல்லாரும் மேடைக்குப் போய்விட்டார்கள். ஆபீஸில் கிளாடிஸும் பியூனும் மட்டும். அவள் வழக்கமான வேலையாக ஏற்றவற்றச் சுருள் ஒன்றைப் பலகையில் விரித்து ஒட்டினாள். ஜன்னல் வழியாக வந்த காற்றில் தாளின் ஓரம் எழும்பி வளைந்து நின்றது. அதைக் கவனிக்காமல் வளையத்தை வைத்து அழுத்தினாள். வந்த எண் இடித்தது. தாளை உள்ளங்கையால் நீவிப் பலகையோடு படியவைத்து, அதே இடத்தில் மறுபடியும் அழுத்தினாள். எண் மாறியது.

வளைந்த தாளை மேலே இருந்து பார்த்தால் குறுகித் தெரியும். சின்ன விஷயம். அவள் தாளின் ஓரத்தில் பிளேடு டப்பாவைப் பாரம் வைத்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனாள். பாதி வழியில் கை நின்றது.

விரித்துவைத்த புத்தகம் நடுவில் தட்டையாக இருக்காது.

மேஜை டிராயரைத் திறந்து போட்டோவை எடுத்தாள். கிராஃப் இடதுபக்கத் தாளில் இருந்தது. அதன் வலது கடைசி, புத்தகம் தைத்திருக்கிற மடிப்புக்குள் போயிருந்தது. அந்த ஓரத்தில் இருந்த கறுப்பை ஸ்டூடியோக்காரன் படம் கழுவும்போது விட்ட கறை என்று நினைத்திருந்தாள். கறையில்லை, நிழல். கவராயத்தை எடுத்து இடது ஓரத்துக் கட்டம் ஒன்றின் அகலத்துக்கு விரித்து, அப்படியே வலதுபக்கம் நடத்திக்கொண்டு போனாள். பாதி வரைக்கும் கட்டத்துக்குக் கட்டம் சரியாக உட்கார்ந்தது. அப்புறம் கொஞ்சம் தள்ளிப்போனது. கடைசிக் கட்டங்களில் கவராயத்தின் கால் கோட்டைத் தாண்டி நின்றது.

கண்ணால் பார்த்தாலே தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. மெஷினுக்கு இரண்டு முனைகளையும் சொல்லிக்கொடுத்தவள் அவள். சரிபார்க்கும்போதும் அதே இரண்டு முனைகளைத்தான் பார்த்தாள். சொல்லிக்கொடுத்ததை அது திருப்பிச் சொன்னது. நடுவில்தான் தப்பு இருந்தது. குறுகிப்போன நீளத்தை மெஷின் சமமாகப் பங்குபோட்டதில், பதினைந்து மீட்டரில் மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தைப் பதினாறில் தூக்கலாம் என்று டேபிள் சொல்லியிருந்தது. கட்டத்தை விரலால் எண்ணிப் பார்த்தாள். பதினாறு மீட்டருக்கு இருபதுகூட முழுசாக வரவில்லை.

போனை எடுத்தாள். மேடைக் கொட்டகையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை, எல்லாரும் விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஜீப் இருக்கா?" என்று பியூனிடம் கத்தினாள்.

"சார் எடுத்துட்டுப் போயிட்டாருல்லா!"

போட்டோவை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். காற்று பக்கவாட்டில் அடித்தது. உப்புக் குவியல்களிலிருந்து பறந்த தூள் கண்ணில் விழுந்தது. சைக்கிள் இரண்டுதடவை சாலையை விட்டு இறங்கியது. இரண்டாம் தடவை விழுந்தாள். எழுந்து மறுபடியும் மிதித்தாள். கேட்டில் காவலாளி கையைக் காட்டினான். அவள் நிற்கவில்லை.

தூரத்திலேயே கிரேனின் கை தெரிந்தது. கம்பிகள் விறைத்து நின்றன. பாரம் ஏற ஆரம்பித்திருந்தது.

தண்ணீருக்குள் இருக்கும்வரை பார்ஜைத் தண்ணீரும் கொஞ்சம் தாங்கும். வெளியே வரவர முழுப் பாரமும் கிரேன்மேல் இறங்கும். இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் நேரம் இருக்கிறது என்று மிதித்துக்கொண்டே சொல்லிக்கொண்டாள்.

பாரம் ஏற்றி இறக்கும் கலாசிகளுக்கு மேஸ்திரியாக இருந்த ஜீவமணி, கிரேன் டிரைவருக்குத் தெரிகிற இடத்தில் நின்று கைச்சைகை காட்டிக்கொண்டிருந்தார். சக்ரபாணி மேடையின் மறுகோடியில், துறைமுக அதிகாரிகளோடு கப்பலைப் பார்த்தபடி நின்றார். கிளாடிஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு ஜீவமணியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! டேபிள் தப்பு!"

அவர் திரும்பாமலே கேட்டார். "என்னது?"

"நா குடுத்த டேபிள் தப்பு. பதினாறு மீட்டருக்கு அவ்வளவு தூக்காது. நிறுத்தச் சொல்லுங்க!"

"சார் கையெழுத்துப் போட்ட டேபிளு, அது எப்படித் தப்பாவும்? அந்தா நிக்காரு, போய்ச் சொல்லு. அவரு சொன்னா நிறுத்துதேன். பொம்பளப்பிள்ள, இங்கன நிக்காத, தள்ளு."

பார்ஜின் மேல்தளம் தண்ணீருக்கு வெளியே வந்தது. பச்சைப் பாசியும் சேறுமாக ஒரு மூலை முதலில், அப்புறம் நீளமாக ஒரு விளிம்பு. கிழிந்த பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. கலாசிகள் கூச்சல் போட்டார்கள்.

மறுகோடிக்கு ஓடிப்போய்த் திரும்ப நேரமில்லை. அவள் ஜீவமணியைத் தாண்டி முன்னால் போனாள். கிரேன் கண்ணாடிக்கு நேராக நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் அகல விரித்தாள். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. மற்ற சைகைகளை மேஸ்திரி மட்டும்தான் காட்டலாம். இதை யார் காட்டினாலும் டிரைவர் நிறுத்தியாகவேண்டும்.

டிரைவர் ஜேசுபாதம் நிறுத்தினான்.

எஞ்சின் உறுமல் இறங்கியது. பார்ஜ் பாதி வெளியிலும் பாதி தண்ணீரிலுமாகத் தொங்கியது.

"ஏளா! ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" ஜீவமணி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "கப்பல்காரன் பாத்துக்கிட்டு நிக்கான்..."

"பின்னங்காலப் பாருங்க அண்ணாச்சி. ஒரே ஒருதடவ பாத்துட்டு வாங்க, அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

கிரேன் தன் நான்கு இரும்புக் கால்களை விரித்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே ரயில் கட்டை அடுக்கி நின்றது. ஜீவமணி முனகிக்கொண்டே கடலுக்கு எதிர்ப்புறம் இருந்த காலருகே போனார். அடியில் இருந்த கட்டையை எட்டி உதைத்தார். அத்தனை டன் எடைக்குக் கீழே இறுகிக் கிடக்கவேண்டிய கட்டை, காலியான தகரடப்பா மாதிரி நகர்ந்தது.

அவர் முகம் மாறியது. திரும்பி வாய்க்குக் கைகுவித்துக் கத்தினார்.

"ஜேசுபாதம்! ஏத்தாத! ஆரியா! மெதுவா எறக்கு, ஆரியா!"

"எறக்காதிய!" என்று விளிம்பிலிருந்து இன்னொரு குரல் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் குரல். "பாஸ்கல் கீழ கெடக்கான்!"

பாஸ்கல் திரேஸ்புரத்துக்காரன். சங்கு குளிக்கிறவன். சங்குப் பருவம் இல்லாத மாதங்களில் துறைமுகத்தில் இந்த மாதிரி வேலைக்கு வருவான். பார்ஜுக்கு அடியில் சங்கிலி மாட்டியதும் அவன்தான். மேலே ஏறும்போது ஒரு சங்கிலி வழுக்குகிற மாதிரித் தெரிந்ததால், அதைப் பார்க்க மூச்சுப்பிடித்து இறங்கியிருந்தான். சேறு கலங்கிய தண்ணீரில் அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் இடுப்புக் கயிறு பார்ஜுக்கு நேர் கீழே போயிருந்தது.

ஏற்றினால் கிரேன் கவிழும். இறக்கினால் அவன் தலைமேல் இறங்கும்.

கயிறு பிடித்தவன் கயிற்றைச் சுண்டினான். பதிலுக்குக் கீழேயிருந்து இழுப்பு வரவில்லை. காற்று தொங்கிய பார்ஜைத் தள்ளியது. அது மெல்ல அப்பால் போய் மெல்லத் திரும்பி வந்தது. அப்பால் போகிறபோதெல்லாம் கிரேனின் கை முனகியது, பின்னங்கால் கட்டையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது, திரும்பும்போது உட்கார்ந்தது. ஜேசுபாதம் கூண்டைவிட்டுக் குதித்திருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. அவன் இரண்டு கைகளையும் லீவர்களிலிருந்து எடுக்காமல் கிளாடிஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய கைகள் இன்னும் மேலேயே இருந்தன. இறக்கிவிட்டால் அவன் எதையாவது அசைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பனிமய மாதாவைக் கூப்பிட நினைத்தாள். ஜெபத்தின் முதல் வார்த்தைகூட வாயில் வரவில்லை.

கயிறு பிடித்தவன் மறுபடியும் சுண்டினான். ஒன்றுமில்லை.

"ஏலே பாஸ்கலு..." என்று அவன் தண்ணீரைப் பார்த்து முனகினான்.

அப்போது பார்ஜின் அந்தப் பக்கத்தில், யாரும் பார்க்காத கடல்பக்கத்தில், ஒரு தலை எழும்பியது. பாஸ்கல் முகத்துச் சேற்றை வழித்துவிட்டுக் கையை ஆட்டினான். சங்கிலி சரியாக இருக்கிறது என்று சொல்லுகிறான் போல.

"தள்ளிப் போலே! தூரமாப் போ!" எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவன் ஒன்றும் புரியாமல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு நீந்தி விலகினான்.

"ஆரியா," என்றார் ஜீவமணி. இப்போது கத்தவில்லை.

பார்ஜ் அங்குலம் அங்குலமாகத் தண்ணீருக்குள் திரும்பியது. தளம் முங்கியதும் கிரேனின் பின்னங்கால் கட்டைமேல் திம்மென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் கிளாடிஸ் கைகளைக் கீழே போட்டாள்.

சக்ரபாணி ஓடிவந்திருந்தார். "யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார். டேபிள் தப்பு." இடுப்பிலிருந்து போட்டோவை எடுத்தாள், வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தது. "புத்தகத்து மடிப்புல கட்டம் குறுகிக் கெடக்கு. நான் பாக்கல. மெஷின்மேல தப்பில்ல, என்மேலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். படத்தை ஜீப்பின் பானெட்டில் வைத்து விரலால் கட்டங்களை எண்ணினார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நானும் பார்க்கலை," என்றார். "கையெழுத்து என்னோடது." பிறகு, "இது மட்டும் காரணமில்லைம்மா. புஸ்தகத்துல போடறவன் கிரேன் தாங்கறதைவிடக் கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருப்பான். உள்ள சேறு நாம நினைச்சதைவிட ஜாஸ்தி. உன்னோட தப்பும் சேறும் சேர்ந்துடுத்து." அதில் ஆறுதல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கேயே, பானெட்மேல் குனிந்து, மெஷின் இல்லாமல், ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுத்தொட்டு எண்ணி, புது டேபிள் எழுதினாள். இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டார்கள். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் பார்ஜை அப்படியே தூக்க முடியாது. கிழிந்த பக்கம் கீழே வருகிறமாதிரி சங்கிலியை மாற்றிக்கட்டி, தண்ணீரும் சேறும் வடிய விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும். அதற்குப் பாஸ்கல் மறுபடியும் இறங்கவேண்டும்.

"காலையில நடந்தது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சங்கிலி சரியில்லைன்னு நிறுத்தினதா நினைச்சுண்டிருக்கான். அப்படியே இருக்கட்டும்," என்றார் சக்ரபாணி. "ஒண்ணும் ஆகலையே. இதைச் சொல்லி, நாளைக்கு அவன் வரமாட்டேன்னு நின்னா வேற ஆள் யாரு?"

கிளாடிஸ் புது டேபிளை அவரிடம் கொடுத்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் திரேஸ்புரத்துக்குப் போனாள்.

பாஸ்கல் வீட்டு வாசலில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆக்னஸ் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கிளாடிஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: படம், மடிப்பு, டேபிள், எழும்பிய பின்னங்கால். பாஸ்கல் கயிற்றைக் கீழே வைத்தான்.

"நான் கீழ கெடக்கும்போதா?"

"ஆமா."

"மேல இருந்து அசைவே இல்ல. ஜேசுபாதம் பீடி பத்தவைக்கான்னு நெனச்சேன்." உச்சந்தலையைத் தடவிக்கொண்டான். "அப்ப, அது எந்தலைமேல வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

ஆக்னஸ் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. "ஏளா, இத எதுக்கு இப்ப வந்து சொல்லுத? ஒம் மனசுல கெடக்க பாரத்த இங்கன எறக்கி வைக்கவா? எறக்கிட்டேல்லா? இனி அத நாங்கல்லா தூக்கிக்கிட்டுக் கெடக்கணும். போ."

"நாளைக்கு அவர் மறுபடியும் இறங்கணும். தெரியாம இறங்கக்கூடாதுன்னுதான் வந்தேன்," என்றாள் கிளாடிஸ். ஆனால் ஆக்னஸ் சொன்னதிலும் உண்மை இருப்பது அவளுக்கே தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தாள். 

காலையில் மேடையில் பாஸ்கல் இல்லை. கலாசிகள் வந்துவிட்டார்கள், கிரேன் கை நீட்டி நின்றது. சக்ரபாணி கிளாடிஸைப் பார்த்தார். "நீ போய்ச் சொன்னியா?" அவள் தலையசைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே கப்பல் அதே இடத்தில் நின்றது. வேறு குளியாளைத் தேடி ஜீப்பை அனுப்பலாமா என்று பேசத் தொடங்கினார்கள்.

வெயில் ஏறியபிறகு அவன் வந்தான். கிளாடிஸ் பக்கம் திரும்பவில்லை. ஜீவமணியிடம் போய் நின்றான்.

"அண்ணாச்சி, ஹூக்குல பாரம் ஏறினபிறகு நான் தண்ணிக்குள்ள இருக்கமாட்டேன். சங்கிலி வழுக்கினாலும் சரி, அந்து விழுந்தாலும் சரி. இன்னொண்ணு, நான் கீழ போம்போது இவ இங்கன நிக்கணும். எங் கயித்துப் பக்கத்துல. நான் மேல வந்தபிறகுதான் நவுரணும்."

"அவ எதுக்குலே?"

"நிக்கட்டும்."

நின்றாள். அவன் இறங்கி இறங்கி ஏறினான். ஒவ்வொரு தடவையும் கயிறு தண்ணீருக்குள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவளும் மூச்சைப் பிடித்தாள். அவனுக்கு முன்னால் அவளுக்கு முட்டியது. சங்கிலி மாறியது. அவன் மேடையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, கிரேனின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். ரயில் கட்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

பார்ஜ் ஒருக்களித்து, கிழிந்த பக்கம் கீழாக வந்தது. சேறு கூழாக ஒழுகியது. ஜேசுபாதம் ஒரு முழம் ஏற்றுவான், நிறுத்துவான். வடிந்து ஓயும்வரை காத்திருப்பார்கள். மறுபடி ஒரு முழம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜீவமணி பாஸ்கலைப் பார்த்தார். அவன் கட்டையை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஒரு இடத்தில் மட்டும் ஆட்டவில்லை. எல்லாரும் அப்படியே நின்றார்கள். உள்ளே தேங்கியிருந்த சேறு திடீரென்று பொத்துக்கொண்டு கொட்டியது, பார்ஜ் துள்ளி ஆடியது, கம்பி அதிர்ந்தது. கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பாஸ்கல் கட்டையை உதைத்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

"ஏத்தலாம்," என்றான்.

பொழுது சாய்வதற்குள் பார்ஜ் மேடைமேல் கிடந்தது. மறுநாள் கப்பல் உள்ளே வந்தது.

கம்பெனி அபராதம் கட்டியது. மெட்ராஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். சக்ரபாணி தன் பங்கைத் தானே சொன்னார். ஆனாலும் அந்த வருஷம் கிளாடிஸுக்குச் சம்பள உயர்வு நின்றது, மெஷினும் கொஞ்சநாள் உறைபோட்டு மூடிக்கிடந்தது. அவள் அதைப்பற்றிச் சண்டைக்குப் போகவில்லை. டிரேசர்களுக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

மறுபடி மெஷின் கையில் வந்ததும் புரோகிராமை மாற்றி எழுதினாள். இப்போது அது மூன்று புள்ளிகளோடு திருப்திப்படாது. படத்தில் உள்ள ஒவ்வொரு கட்டக்கோட்டையும் தொட்டுக்காட்டச் சொல்லும். இரண்டு கோடுகளுக்கு இடையில் மட்டும்தான் பங்குபோடும். வேலை இழுத்தது. சக்ரபாணி ஏதோ ஒரு படத்தோடு வந்து, "மத்தியானத்துக்குள்ள முடியுமா?" என்று கேட்டால், "நாளைக்குத் தாரேன் சார், மொதல்ல வேற ஒருத்தரு கண்ணால எண்ணிப் பாக்கட்டும்," என்பாள். அவர் படத்தை வைத்துவிட்டுப் போவார்.

பாஸ்கல் துறைமுக வேலையை விடவில்லை. ஆனால் அவளிடம் பேசவில்லை. அந்த ஆகஸ்ட்டில் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தும் காணாததுபோலப் போனான். கிளாடிஸும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமை தனக்கில்லை என்று நினைத்தாள்.

அடுத்த வருஷத் திருவிழாவில் அவள் அக்கா பிள்ளைகளுக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆக்னஸ் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் புதுக்குழந்தை. பின்னால் பாஸ்கல்.

"இன்னும் அந்த மெஷின்லதான் இருக்கியா?" என்றான்.

"ஆமா."

"கிரேன் கணக்கும் நீதான் போடுதியா?"

"போடுதேன். ரெண்டுபேர் சேந்து."

அவன் ம் என்றான்.  ஆக்னஸ் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கடைக்காரனிடம் சிவப்பு வளையலுக்கு விலை கேட்கத் தொடங்கினாள். கிளாடிஸ் அவள் நிற்பதற்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றாள்.